சர்வருக்கு ஒரு நாள் லீவு

“தெரிஞ்ச கோளாறுன்னு நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்க. அப்புறம் இதுல பேசறதுக்கு என்னங்க இருக்குது?”

“எழுதி ஒட்டுனது நானுங்க சார். நிறுத்தச் சொன்னது நானில்லீங்க.”

“ஒருக்கா நிறுத்துனா செத்துப்போற மிஷினை எதுக்குங்க வெச்சிருந்தீங்க?”

செவ்வந்திக்கு ஒரு கணம் சிரிப்பே வந்துவிட்டது. வெச்சிருந்தீங்களாம்! ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அவள் இந்தக் கம்பெனிக்கு வருவதற்கும் இரண்டு வருஷம் முந்தி, யாரோ பழசாக விற்ற சர்வரைப் பேரம் பேசி வாங்கி, படிக்கட்டுக்கு அடியில் ஜன்னல் இல்லாத அறையில் தள்ளியவர்கள் இவர்கள். ஏழு வருஷமாக அதை மூச்சு விட வைத்துக்கொண்டிருப்பது மட்டும்தான் அவள் வேலை.

மேஜைக்கு அந்தப் பக்கம் மிதுன், முதலாளியின் ஒரே மகன், ஒரு தாளை விரல் நுனியால் சுற்றிக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு வயது. வெளிநாட்டில் நிர்வாகம் படித்துவிட்டு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்தத் தாள் செவ்வந்தியின் கையெழுத்தில் இருந்தது. ‘தெரிந்த கோளாறுகள், தற்காலிக வழிகள்’ என்று தலைப்பு. அதற்குக் கீழே பதினேழு வரிகள். சர்வர் அறைக் கதவில் ஒட்டியிருந்த தாள் அது. ஆயுதபூஜை அன்றைக்குக் கதவைத் துடைத்துப் பொட்டு வைக்க வேண்டும் என்று யாரோ அதைக் கிழித்து எடுத்து, சுண்டல் வைத்துக் கொடுக்கப் பயன்படுத்தியிருந்தார்கள். நடுவில் எண்ணெய் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. ஓரத்தில் ஒரு குங்குமக் கட்டைவிரல். அன்றைக்குப் படிக்க ஆளில்லாத தாள், இன்றைக்கு அவளுக்கு எதிரான சாட்சியாக மேஜை மேல் கிடந்தது.

கோயமுத்தூரில், பீளமேட்டிலிருந்து உள்ளே தள்ளி, பழைய மில் சுவரை ஒட்டினாற்போல் இருந்தது அந்த பம்ப்செட் கம்பெனி. அங்கே செய்கிற ஒவ்வொரு மோட்டாரும் வெளியே போவதற்கு முன்னால் சோதனை மேடையில் ஏறி, தண்ணீரை இழுத்துக் காட்டிவிட்டுத்தான் லாரி ஏறும். எவ்வளவு கரண்ட் தின்றது, எவ்வளவு சூடேறியது, எத்தனை அடி தூக்கியது என்று எல்லா அளவும் நேராக சர்வருக்குப் போய்ச் சேரும். அந்த அளவு இல்லாவிட்டால் மோட்டார் வெறும் இரும்பு. இப்போது அந்த அளவுகள் அழிந்துபோன நாற்பது நாள் மோட்டார்கள், பிறந்த தேதி இல்லாத பிள்ளைகள் மாதிரி, எங்கெங்கோ வயல்களில் இறங்கிவிட்டன. நாக்பூரில் இருக்கிற பெரிய வாடிக்கையாளர் மூன்று கேள்வி கேட்டு மெயில் போட்டிருந்தார். என்ன நடந்தது, யார் பொறுப்பு, அவர் மேல் என்ன நடவடிக்கை? சாயந்திரம் ஐந்து மணிக்குள் பதில் வேண்டும்.

மிதுன் பதிலை அடித்தே வைத்திருந்தான். செவ்வந்தி கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ‘சர்வரின் கோளாறுகளை நான் முன்பே அறிந்திருந்தும் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கத் தவறிவிட்டேன்’ என்றது அதன் இரண்டாவது வரி.

“வேலையை விட்டெல்லாம் அனுப்ப மாட்டோமுங்க,” என்றான் மிதுன். “சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. அவங்களுக்கு ஒரு பேர் வேணும், அவ்வளவுதான்.”

“பேர் வேணும்னா உங்க பேரைப் போடுங்க சார்.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

இந்த ஊரில் பம்ப் தொழில் என்பது ஒரே தெருக்காரர்கள் மாதிரி. கணபதியில் ஒருவர் தும்மினால் ஆவாரம்பாளையத்தில் துண்டு நீட்டுவார்கள். அந்தக் கடிதம் நாக்பூருக்குப் போய், அங்கிருந்து இன்னொரு கோயமுத்தூர்க் கம்பெனிக்கு வந்து சேர ஒரு வாரம் போதும். அப்புறம் எந்த வாசலில் போய் நின்றாலும், “ஓ, டேட்டாவைத் தொலைச்ச அம்மணியா?” என்றுதான் கேட்பார்கள். ஐயாசாமி மகள் செவ்வந்தி என்று அவள் சம்பாதித்து வைத்திருந்த பெயர் அந்த இரண்டாவது வரியோடு முடிந்தது.

அந்தப் பதினேழு வரிகளில் எதுவுமே சும்மா வந்ததில்லை. மூன்றாவது விசிறி ஓடிக்கொண்டே ஓடவில்லை என்று பொய் சொல்லும், நம்பக் கூடாது. கீபோர்டைப் பின்பக்க இடது ஓட்டையில் செருகினால் பாதியில் மலைத்து நின்றுவிடும், முன்பக்கம்தான் செருக வேண்டும். கடிகாரம் நாளுக்கு நாலு நிமிஷம் பின்தங்கும், திங்கட்கிழமைதோறும் பிடித்துத் திருப்பி வைக்க வேண்டும். இருட்டில் ஒரு பழைய வீட்டின் படிகளை எண்ணி இறங்குகிறவள் போல அவள் ஒவ்வொன்றையும் காலால் தடவிக் கண்டுபிடித்திருந்தாள். சர்வரைச் செய்த கம்பெனியின் இணையப் பக்கத்திலும் இந்தக் கோளாறுகளில் பாதி இருந்தன, அழகாக வரிசை எண் போட்டு. அதைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சல் வரும். தெரிந்த கோளாறு என்று எழுதிவிட்டால் போதும், அது கோளாறாகவே இல்லாமல் போய்விடுகிறது. சரி செய்கிற கடமை எழுதியவனை விட்டு இறங்கி, படித்தவள் தலையில் ஏறிக்கொள்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்த முதல் வரியை அவள் கடைசியாகத்தான், செப்டம்பர் நடுவில், எழுதிச் சேர்த்தாள். டிஸ்குகளை ஒன்றாகக் கட்டி மேய்க்கிற கார்டில் ஒரு சின்ன பேட்டரி உண்டு. அது செத்துப்போனது. கரண்ட் இருக்கிற வரை கார்டுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். முழுக்க நிறுத்தினால் மறந்துவிடும். திரும்பப் போடும்போது, எதிரே இருக்கிற டிஸ்குகளை யாரென்று தெரியாமல், ‘பழைய அமைப்பை அழித்துவிடவா?’ என்று கேட்கும். அழிக்காதே என்று சொல்லி, டிஸ்கில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னால் எல்லாம் திரும்பிவிடும். அதைத்தான் சிவப்பு மையில் எழுதியிருந்தாள். ‘நிறுத்தவே கூடாது. தவறி நின்றுவிட்டால் எந்தப் பட்டனையும் தொடாமல் எனக்குக் கூப்பிடவும்.’

புது பேட்டரி கேட்டு மிதுனுக்கு மெயில் போட்டாள். தினமும் நகல் எடுத்து வைக்கிற பேக்கப் டிஸ்க் நிறைந்துவிட்டது, இன்னொன்று வேண்டும் என்று அதே மெயிலில் சேர்த்தாள். “தீபாவளி கழியட்டுங்க,” என்று வாயால் பதில் வந்தது.

ஆயுதபூஜை அன்றைக்கு அவள் லீவு. சுல்தான்பேட்டையில் வீட்டில் இருந்தாள். பத்து மணிக்கு எலெக்ட்ரீஷியன் சென்னகிருஷ்ணன் கூப்பிட்டார்.

“ஏனம்மணி, மிதுன் தம்பி சர்வரையும் நிறுத்தோணுங்கறாரு. லேத்து, பிரஸ்சு எல்லாம் நிறுத்தியாச்சு.”

“ஐயோ, வேண்டாங்கண்ணா! ஓடறப்பவே பொட்டு வைக்கட்டும். முன்னாடி வலை மேல மட்டும் சந்தனம் படாம பாத்துக்குங்க, காத்து உள்ள போற வழி அது.”

அப்போது ஸ்பீக்கரில் மிதுனின் குரல் குறுக்கே வந்தது. “எல்லா மிஷினுக்கும் இன்னைக்கு லீவுங்க. அதுக்கு மட்டும் என்னங்க தனிச் சட்டம்? ஓடற மிஷினுக்கு யாராச்சும் பூசை போடுவாங்களா?”

“சார், பேட்டரி செத்துக் கெடக்குதுங்க. நிறுத்துனா ஞாபகம் போயிருமுங்க. சரி, நிறுத்தித்தான் ஆவோணும்னா நாளைக்கு நான் வராம மட்டும் போடாதீங்க. காலைல முத பஸ்சுக்கு வாரேன்.”

“பாத்துக்கலாமுங்க,” என்றது குரல். பூஜை மணி அடித்தது. போன் நின்றது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் ஒன்பதே கால் முதல் பத்தே கால் வரை. அதற்குள் எல்லா மிஷினும் ஓட ஆரம்பித்தாக வேண்டும். லீவு நாள் என்று முதல் பஸ் வரவே இல்லை. அடுத்ததைப் பிடித்த செவ்வந்தி காந்திபுரத்தில் இறங்கி, கூட்டத்தில் இரண்டு டவுன் பஸ்ஸை விட்டு மூன்றாவதில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி பத்து நாற்பது. சம்பங்கி மாலை போட்டு, நெற்றி நிறையச் சந்தனம் பூசி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி சர்வர் உட்கார்ந்திருந்தது. முன்பக்க வலையில் ஒரு ஓட்டை பாக்கியில்லாமல் சந்தனம் காய்ந்திருந்தது. திரையில் ஒன்றுமே இல்லை.

“ஏதோ கேட்டுச்சுங்க,” என்றான் மிதுன். “நேரம் முடியறதுக்கு ரெண்டு நிமிஷந்தான் இருந்துச்சு. ஆமான்னு போட்டுட்டேன்.”

சண்டை போடக்கூட அவளுக்கு அப்போது தோன்றவில்லை. பழைய டூத் பிரஷ் ஒன்றை எடுத்து, வலை ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்தாள். மூன்று நாள் உட்கார்ந்து, பேக்கப்பில் இருந்ததையெல்லாம் திரும்ப ஏற்றினாள். பேக்கப் எடுக்க இடமில்லாமல் போன நாற்பது நாள் மட்டும் திரும்பவில்லை. அந்த நாற்பது நாளின் அளவுகளும் போயின. மெயில்களும் போயின. கம்பெனியின் மெயிலும் அதே பெட்டிக்குள்தான் இருந்தது. பேட்டரி கேட்டு அவள் அனுப்பியதும், அதன் நகலும், அவன் ‘ஆமாம்’ என்று அழுத்திய அந்த நொடியிலேயே இல்லாமல் போயிருந்தன.

“நான் மெயில் போட்டேனுங்க சார்,” என்றாள் செவ்வந்தி இப்போது, மேஜைக்கு முன்னால் நின்று.

“காட்டுங்களேன்.”

அவன் பொய் சொல்லவில்லை. காட்டுங்கள் என்று மட்டும்தான் சொல்கிறான். கதவைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டு, உள்ளே இருப்பதை எடுத்துக் காட்டச் சொல்வதில் எத்தனை மரியாதை! இந்த ஊரில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும்போதுகூட ஒரு ‘ங்க’ போட்டுத்தான் தள்ளுவார்கள்.

கதவு திறந்தது. முதலாளி நஞ்சுண்டன் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அலுங்காத நடை. வந்ததும் மகனைப் பார்க்காமல் அவளைத்தான் பார்த்தார்.

“ஏங்கண்ணு, நின்னுக்கிட்டே இருக்கற? உக்காரு. டீ குடிச்சயா?”

“வேண்டாமுங்கய்யா.”

“பாரு அம்மணி. மிஷினுன்னா ரிப்பேர் ஆவறதுதான். உன்னை இங்க யாரு திட்டுனாங்க? ஒரு கையெழுத்து. அதைப் போட்டுப்போட்டு நீ பாட்டுக்கு உன் வேலையப் பாரு. சம்பளம் கொறையாது, பேச்சு வராது. நான் இருக்கறனல்லோ?”

“அதுல எழுதியிருக்கறது நெசமில்லீங்கய்யா.”

“நெசம் எல்லாருக்கும் தெரியும் கண்ணு. காகிதம் வெளியூர்க்காரனுக்கு.” அவர் குரல் இன்னும் தணிந்தது. “உங்கப்பன் ஐயாசாமி நம்ம தோப்புல இருவத்தஞ்சு வருஷம் இருந்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், எதுத்து ஒரு வார்த்தை பேசியிருப்பானா கேளு.”

அந்த இடத்தில்தான் அவளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து நின்றது. அப்பா எதிர்த்துப் பேசியதில்லை. உண்மைதான். தென்னை மட்டை விழுந்து தோள் இறங்கியபோதுகூட, நான்தான் பார்க்காமல் நின்றுவிட்டேன் என்று அவரே சொல்லிக்கொண்டார். அதையும் ஒரு கையெழுத்து மாதிரி இவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

“எங்கப்பா பேசலைங்கய்யா. அதனாலதான் நான் பேசறேனுங்க.”

மிதுன் நாற்காலியில் நிமிர்ந்தான். நஞ்சுண்டன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

“நீ சொன்னேங்கறதுக்கு ஆதாரம் வேணுமல்லோ அம்மணி?” என்றார்.

“இருக்குதுங்க. போன்ல சொன்னேன். ஸ்பீக்கர்ல சொன்னேன். கிருஷ்ணண்ணன் பக்கத்துலதான் நின்னாருங்க. கூப்பிட்டுக் கேளுங்க.”

நஞ்சுண்டன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. மணியை அழுத்தினார். அவர் யோசிக்காததைத்தான் அவள் கவனித்தாள்.

சென்னகிருஷ்ணன் வந்தார். ஐம்பது தாண்டிய மனுஷன். சட்டைப் பையில் டெஸ்டர், கையில் கிரீஸ் துணி. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். மேஜை மேல் கிடந்த எண்ணெய்த் தாளைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பார்வை தரைக்குப் போனது.

“வா கிருஷ்ணா,” என்றார் நஞ்சுண்டன். “நல்ல வேளை வந்த. தை மாசத்துக்கு நம்ம மண்டபத்தை உம் மக கல்யாணத்துக்குன்னு எழுதியாச்சு. சமையல்காரனுக்கும் நானே சொல்லிப்போட்டேன். நீ ஒண்ணுத்துக்கும் அலைய வேண்டாம்.”

“சரீங்,” என்றார் சென்னகிருஷ்ணன். துணியால் ஏற்கெனவே துடைத்திருந்த விரல்களை மறுபடியும் துடைத்தார்.

“இந்த அம்மணி உன்னை என்னமோ கேக்கோணுங்குது.”

சுவர்க் கடிகாரத்தில் நாலே முக்கால். மிதுன் பேனாவின் மூடியைத் திறந்து, கடிதத்தின் மேல் குறுக்காக வைத்தான். கீழே சோதனை மேடையில் ஒரு மோட்டார் ஏறி, தண்ணீரை இழுக்கும் சத்தம் தரை வழியாகக் கேட்டது.

செவ்வந்தி அவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அந்த மகளை அவளுக்குத் தெரியும். நிச்சயதார்த்தப் புடவையைப் போனில் படம் எடுத்து முதலில் அவளுக்குத்தான் அனுப்பியிருந்தாள். கேட்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அந்த இரண்டாவது வரி கண் முன்னால் வந்தது. கேட்டாள்.

“அண்ணா, என்னைப் பாக்க வேண்டாம், அவங்களையும் பாக்க வேண்டாம். அன்னைக்குப் போன்ல நான் என்ன சொன்னேன், சார் அதுக்கு என்ன சொன்னாரு, அதை மட்டும் ஒருக்கா சொல்லுங்கண்ணா.”