மூன்றாவது பதில்

"தலை தெக்க வரணும்லே, தெக்க! இப்படிக் குறுக்க கொண்டாந்து வாசல்ல சிக்க வச்சா எப்படி?" என்று ஆவுடைத்தாய் கத்திக்கொண்டிருந்தாள். ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்த ஆட்கள் பின்னால் போய், சாய்த்து, மறுபடி உள்ளே நுழைந்தார்கள். சங்கரபாண்டியனின் உடலைத் தூக்கி அதற்குள் வைத்தார்கள்.

அவர் மனைவி முத்துமாரியம்மாள் அடுப்படி வாசலில் நின்று அவருடைய வலது காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதுமடலில் வெள்ளை முடி இரண்டு நீண்டிருந்தது. நேற்றே கத்தரித்துவிட்டிருக்கலாம்.

"ராஜா, மூடிய இப்பவே போடணுமா?"

"கரண்ட் குடுத்தாச்சும்மா. மூடுனாத்தான் குளிரு நிக்கும்" என்றான் மகன் ராஜபாண்டியன். கண்ணாடி மூடி இறங்கியது. அவள் ஓர் எட்டு முன்னால் வந்துவிட்டு நின்றாள்.

அன்று ஆடிப்பெருக்கு. சிவகாசி முழுவதும் அடுத்த வருசத்துக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாக வெளியிடுகிற நாள். ராஜபாண்டியனுக்கு ஒரு காலண்டர் கம்பெனியில் ஆர்டர் பிடிக்கிற வேலை. சட்டைப்பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. "அண்ணாச்சி, அப்பா தவறிட்டாக. ஆமா, இன்னைக்குக் காலையில. ஆல்பம் நாளைக்கு அனுப்பிருதேன்" என்று ஒவ்வொருவரிடமும் அதே வரிசையில் சொன்னான்.

"மதினி, இங்கன வந்து உக்காருங்க. நின்னுக்கிட்டே இருந்தா எப்படி?" செத்தவரின் தங்கை ஆவுடைத்தாய். அழுகைக்கு நடுவிலும் வீட்டு வேலை ஒன்றும் அவள் கண்ணுக்குத் தப்பாது. "அண்ணன் உசுரு போகையில காதுல நமச்சிவாயம் சொன்னீகளா?"

"இல்ல."

"பின்ன என்ன சொன்னீக?"

"பாலைக் குடிங்கன்னு சொன்னேன்."

"நல்லாச் சொன்னீக போங்க. சாமி இல்லைன்னே காலத்தக் கழிச்ச மனுசன். கடைசியிலயாவது ஒரு நல்ல வார்த்தை காதுல விழுந்திருக்கும்லா."

"சாமி இல்லைன்னு எப்பச் சொன்னாக? இது பெரிய சாமி இல்லைன்னுதான் சொன்னாக."

"எல்லாம் ஒண்ணுதான்."

இரண்டும் ஒன்று இல்லை. ஆனால் அதை இவளிடம் எங்கிருந்து தொடங்குவது? முத்துமாரியம்மாள் உட்காரவில்லை. அடுப்படிக்குள் போனாள், வெறுமே ஒரு டம்ளரை எடுத்து வேறிடத்தில் வைத்தாள், மறுபடி வெளியே வந்தாள்.

சங்கரபாண்டியன் காலண்டர் கம்பெனி ஆர்ட்டிஸ்ட். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் படத்தில் பிரஷ் வைத்து முருகனுக்கு இமை திருத்துவார், லட்சுமிக்கு உதடு சிவக்க வைப்பார். முதலாளி வந்து நின்று, "பாண்டி, அம்மன் மொகம் கொஞ்சம் கோவமா இருக்கு. வெளியூர் ஆர்டர். சிரிக்க வையி" என்பார். சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்கு வருவார். "நான் கண்ணத் தொறந்து வச்ச சாமி, சாயங்காலம் என்னப் பாத்து நாந்தான் ஒன்னையப் படைச்சேன்னு சொன்னா எப்படி இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டார். "கைய கழுவிட்டு வாங்க, பெயிண்டு நாறுது" என்றாள் அவள்.

அந்த நாட்களில்தான் கம்பெனிக்கு ஒரு பேராசிரியர் எழுதிய சரித்திரப் புத்தகம் அச்சுக்கு வந்தது. அச்சடித்த பிறகு பைண்டிங்குக்குப் போகாமலே நின்றுபோனது. தாள்களையெல்லாம் வெடிக்குழாய் சுற்ற லோடு ஏற்றினார்கள். அதில் ஒரு செட்டை மட்டும் இவர் வீட்டுக்குத் தூக்கி வந்தார்.

"தீவாளிக்கு வெடிச்சுப்போக வேண்டியத எதுக்கு இங்கன கொண்டாந்தீக?"

"கேளு. எகிப்துல ஒரு சம்சாரி உரத்துக்கு மண்ணு தோண்டப் போனான். ஒரு சாடி கெடச்சுது. உள்ள பூராம் பழைய ஏடு. ஆயிரத்தஞ்ஞூறு வருசத்துக்கு மேல மண்ணுக்குள்ள கெடந்திருக்கு. வீட்டுக்குக் கொண்டாந்தான். அவன் ஆத்தாக்காரி என்ன செஞ்சாளாம் தெரியுமா? கொஞ்சத்த எடுத்து அடுப்புல வச்சுட்டாளாம்."

"ஈர வெறகா இருந்திருக்கும்."

"அது ஞானவழிக்காரங்க ஏடுடி. ஏசுநாதர் காலத்த ஒட்டி இருந்தவுக. அவுக என்ன சொல்லுதாகன்னா, இந்த ஒலகத்தச் செஞ்சவரு பெரிய கடவுள் இல்ல, போர்மேன். முதலாளி வேற எங்கனயோ வெளிச்சமா இருக்காரு. போர்மேன் முதலாளியப் பாத்ததே இல்ல. அதனால நாந்தான் எல்லாம்னு நெனச்சுக்கிட்டு நம்மள வேலை வாங்குறான். நமக்குள்ள இருக்கிற பொறி மட்டும் முதலாளி வீட்டுது. அதைத் தெரிஞ்சுக்கிட்டவன் தப்பிச்சான்."

"உள்ள பொறி இருக்குன்னு கம்பெனியில போய்ச் சொல்லாதீக. வாசல்லயே நிப்பாட்டிருவாக."

இப்படித்தான் வருசக்கணக்கில் சோற்றுத்தட்டுக்கு முன்னால் அவர் சொல்லச் சொல்ல, அவள் குழம்பு ஊற்றிக்கொண்டே எதிர்ச்சொல் சொல்லி வந்தாள். பாரசீகத்து மானி என்கிறவரும் படம் போடுகிறவர்தானாம், படம் போட்டே ஞானம் சொன்னாராம், இந்தியாவுக்கும் வந்தாராம். "சிவகாசிக்கு வந்தாரா?" பாரசீகத்து ராஜா அவரைச் சங்கிலி போட்டு ஜெயிலிலேயே சாக விட்டானாம். அவர் வழி சீனா வரைக்கும் போனதாம். அங்கே அவர் சிலையைப் புத்தர் என்று நினைத்துச் சனங்கள் பத்தி கொளுத்துகிறார்களாம்.

"பாத்தீகளா? கடைசியில அவரும் காலண்டர்ல ஏறிட்டாரு."

அன்று அவருக்குப் புரையேறுகிற வரைக்கும் சிரிப்பு.

பிரான்சில் அந்த வழிக்காரர்கள் மலைக்கோட்டைக்குள் இருந்ததையும், கொள்கையை விட்டால் உயிர், விடாவிட்டால் நெருப்பு என்று சொல்லிச் சபைக்காரர்கள் அவர்களை இறக்கியதையும், இருநூறு பேர் போல விடாமலே நெருப்புக்குப் போனதையும் சொன்ன அன்று மட்டும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பொம்பளைகளுமா?" என்று கேட்டாள். "பொம்பளைகளும்தான்." ஈராக்கில் இன்னமும் கொஞ்சம் பேர் மிச்சம் இருக்கிறார்களாம். ஓடுகிற தண்ணீரில் முங்குவதுதான் அவர்களுக்குப் பெரிய பூசையாம். "ஓடுற தண்ணியா? அப்ப நம்ம ஊர்ல பொழைக்க முடியாது" என்று எழுந்து போனாள்.

எல்லாம் பேச்சோடு போயிருந்தால் சரி. வேலையிலிருந்து நின்ற பிறகு அவர் ஒன்று பிடித்துக்கொண்டார். செத்தவன் மேலே போகிற வழியில் வாசல் வாசலாகப் போர்மேனுடைய வாச்மேன்கள் நிற்பார்கள். யார் நீ, எங்கிருந்து வர்றே, எங்கே போறே என்று மூன்று கேள்வி கேட்பார்கள். சரியாகப் பதில் சொல்கிறவனைத் தடுக்க முடியாது. தெரியாதவனைத் திருப்பி இங்கேயே பிறக்க விட்டுவிடுவார்கள்.

"சாகையில நாக்கு கொழறும். பக்கத்துல இருக்கவுக காதுல எடுத்துக் குடுக்கணும். அந்தக் காலத்துல எண்ணெயும் தண்ணியும் கலந்து சாகப்போறவன் தலையில வச்சு, பதிலச் சொல்லிக்குடுப்பாகளாம். நீதான் எனக்குச் சொல்லணும்."

"நான் முன்னால போயிட்டா?"

"அதுக்குத்தான் நீயும் படின்னுதேன்."

சாயங்காலமானால் பாடம். யார் நீ? பிள்ளை நான். எங்கிருந்து வர்றே? ஆதிக்கும் முன்னால இருந்தவர்கிட்ட இருந்து. எங்கே போறே?

"சாத்தூருக்கு" என்பாள் முத்துமாரியம்மாள். சாத்தூர் அவள் பிறந்த ஊர்.

"ச்சொ" என்று நாக்கைத் தட்டுவார். "வந்த எடத்துக்கே போறேன். சொல்லு."

"எனக்கு அரிசி கெடக்கு களைய."

இந்தப் பாடத்தைப் பற்றி ஒரே ஒருநாள்தான் அவள் நிஜமாகக் கேள்வி கேட்டாள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். "அங்கன போயிட்டா திரும்பி வரவே மாட்டீகளா?"

"எதுக்கு வரணும்? இங்கன என்ன இருக்கு?"

கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். இருக்கன்குடி மாரியம்மனிடம் அவள் வருசா வருசம் வேண்டுவது ஒன்றுதான். ஏழு சென்மத்துக்கும் இந்த மனுசனே வேணும். அவள் இங்கேயே திரும்பி வரத் தயாராக இருக்க, அவர் தனியாக வாசல் தாண்டிப் போவதற்கு அவளே சாவி எடுத்துக் கொடுக்க வேண்டுமாம்.

இன்று காலையில் மூச்சு வாங்கி வாங்கி நின்றபோது அவர் கண் அவளைத்தான் பார்த்தது. வாய் ஏதோ கேட்டது. அவளுக்கு மூன்று பதிலும் நாக்கு நுனியில் இருந்தன. கரண்டிப் பாலை உதட்டில் வைத்து, "பாலைக் குடிங்க" என்றாள். மறுபடியும் "பாலைக் குடிங்க" என்றாள். பால் கடைவாயில் வழிந்தது.

இப்போது பின்வாசல் குழாயடிக்கு வந்து காலில் தண்ணீர் விட்டாள். மருமகள் பிரீத்திகா கடுங்காப்பியோடு பின்னாலேயே வந்தாள். மாமனார் பிரஷில் செய்த வேலையை இவள் கம்ப்யூட்டரில் செய்கிறவள்.

"குடிங்க அத்தை. காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல."

"வேண்டாம்."

"அத்தை, சொல்லிட்டீகளா?"

"எத?"

"மாமாவோட பதில."

முத்துமாரியம்மாள் குழாயை மூடினாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கிட்டயும் கேட்டாக. உங்க அத்தைக்கு மனசு வராட்டா நீ சொல்லுதியான்னு. சரின்னேன். கொஞ்ச நேரங்கழிச்சுக் கூப்பிட்டு, வேண்டாம், அவ சொன்னாத்தான் போவேன், அவ சொல்லாட்டா விட்டுருன்னுட்டாக."

"விட்டுருன்னா?"

"சொல்லாட்டாலும் மோசமில்ல, இன்னொரு சுத்து அவ ரசத்தக் குடிச்சுட்டுப் போறேன்னாக. சிரிச்சாக அத்தை."

குழாயிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. முத்துமாரியம்மாள் அதை இறுக்கினாள். இறுக்கியும் சொட்டியது.

"எப்பச் சொன்னாக?"

"ஆஸ்பத்திரியில இருந்து கூட்டியாந்த அன்னைக்கு."

"அன்னைக்கு ரசத்துல உப்பே இல்லைன்னுல்லா என்னைய வஞ்சாக."

"அதுக்கப்புறந்தான்."

காப்பியை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். நாக்கு சுட்டதா என்று பிரீத்திகாவுக்குத் தெரியவில்லை.

உச்சிக்கு முன்னால் எடுக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். சங்கும் சேகண்டியும் வந்து வாசலில் நின்றன. "எண்ணெய் சீயக்கா வைக்கிறவுக வாங்க" என்று குரல் கேட்டது. கண்ணாடி மூடியை எடுத்தார்கள். குளிர் வெள்ளையாகக் கலைந்தது.

"மதினி முதல்ல வையுங்க. உசுரு இன்னும் வீட்டுக்குள்ளதான் சுத்திக்கிட்டு இருக்கும். எண்ணெய் வச்சாத்தான் கெளம்பும்" என்று ஆவுடைத்தாய் கிண்ணத்தை நீட்டினாள். முத்துமாரியம்மாள் அவள் முகத்தை ஒருகணம் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை வாங்கி, சொம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீரை அதில் விட்டாள்.

"எண்ணெயில எதுக்குத் தண்ணிய ஊத்துதீக?"

"இருக்கட்டும்."

உச்சந்தலையில் வைத்துத் தேய்த்தாள். தலை சில்லென்று இருந்தது. தீபாவளிக்குத் தீபாவளி இந்தத் தலையில் எண்ணெய் தேய்க்கும்போது, மெதுவா, மெதுவா என்று கத்துவார். இன்று மெதுவாகவே தேய்த்தாள். வாசலில் சங்கு ஊதத் தொடங்கியது. அவள் குனிந்தாள். காதுமடல் முடி அவள் உதட்டில் பட்டது.

"பிள்ளை நான்" என்றாள். "ஆதிக்கும் முன்னால இருந்தவர்கிட்ட இருந்து வர்றேன்."

சேகண்டி அடித்தது. அவள் குனிந்தபடியே இருந்தாள்.

"மதினி, நேரமாகுது. பின்னால ஆளுக நிக்குதாக."

"அம்மா" என்றான் ராஜபாண்டியன். போன் துடித்தது. அவன் அதை அணைத்தான்.

"வந்த எடத்துக்கே போறேன்" என்றாள் முத்துமாரியம்மாள். அவருக்கு நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காக அதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். நிமிர்ந்து கிண்ணத்தை ஆவுடைத்தாயிடம் கொடுத்தாள்.

"என்ன சொன்னீக?"

"போயிட்டு வாங்கன்னு சொல்லல."

ஆவுடைத்தாய் புரியாமல் பார்த்துவிட்டு, கிண்ணத்தில் விரலை நனைத்து, "ஏ அண்ணே" என்று பெருங்குரலெடுத்தாள்.

ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். தெருமுனையில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். சிவகாசியில் எந்தச் சாவும் அது இல்லாமல் போகாது. வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெண்கள் வரிசையாகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். எதிர்வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்து கூடத்தில் மூடி இருந்தது.

முத்துமாரியம்மாள் பின்வாசல் படியில் ஈரத்தலையோடு உட்கார்ந்தாள். விரலிடுக்கில் இன்னும் எண்ணெய் மிச்சம் இருந்தது. வாய்க்குள்ளேயே கேட்டுக்கொண்டாள்.

யார் நீ? பிள்ளை நான்.

எங்கிருந்து வர்றே? ஆதிக்கும் முன்னால இருந்தவர்கிட்ட இருந்து.

எங்கே போறே?

"சாத்தூருக்கு" என்று வந்துவிட்டது.

உள்ளேயிருந்து நாக்கைத் தட்டுகிற சத்தம் ஒன்றும் வரவில்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டுத் தண்ணீரைப் பிழிந்தாள். மறுபடி முதல் கேள்வியிலிருந்து தொடங்கினாள்.