ஒரு மணிப் பூட்டு

எங்கள் கம்பெனியின் பழைய சாஃப்ட்வேருக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தது யாரென்று இப்போது யாருக்கும் நினைவில்லை. வைத்தவருக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். ஒரு எண்ணைத் தப்பாகத் தட்டினால் போதும், கீச்சென்று கத்திவிட்டு, அதுவரை அடித்த முழு பில்லையும் அழித்து, முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லும். காரணம் சொல்லாது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, பக்கத்தில் ஊரைக் கூட்டும் பிரிண்டர். குழாயும் குழாய்ச் சாமானும் மொத்தமாக விற்கும் எங்கள் கம்பெனி இருபது வருடத்துக்கு மேல் அதன் சொல்படிதான் நடந்தது.

அந்த மாமியாரை அனுப்பிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொண்டுவரும் வேலையை முதலாளி என் தலையில் கட்டினார். "கணக்குப் பிரிவுல நீங்கதாம்மா சீனியர். அதோட நாடி உங்களுக்குத்தானே தெரியும்" என்று ஐஸ் வைத்தார். வேறு யாரும் சிக்கவில்லை என்பதுதான் உண்மை. புதியதற்கு அன்றே 'மருமகள்' என்று பெயர் வந்துவிட்டது.

மாமியாருக்கு ஒரு குணம் உண்டு. மதியம் ஒரு மணி ஆனால் தூங்கிவிடும். கணக்கையெல்லாம் நகலெடுத்துப் பத்திரப்படுத்த, அந்த சாஃப்ட்வேரை எழுதிக் கொடுத்த ஒரு தாடிக்காரர் செய்துவைத்த ஏற்பாடு அது. எல்லாத் திரையிலும் ஒரே வாசகம் வரும்: 'கணக்கு தூங்குகிறது. போய்ச் சாப்பிடுங்கள்.' முக்கால் மணி நேரத்துக்கு பில் போட முடியாது. பில் இல்லாமல் கிடங்கிலிருந்து ஒரு வாஷர்கூட வெளியே போகாது. லாரிக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். "மாமியார் தூங்கிட்டாங்கப்பா!" என்று யாராவது குரல் கொடுக்க, கம்பெனியே மாடியேறி நீளமான சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிடும். கணக்கும் கிடங்கும் வாசல் காவலும் ஒன்றாகச் சாப்பிட்ட வேறு கம்பெனி எனக்குத் தெரியாது. இன்னொருவர் டப்பாவில் கை வைக்காமல் யாரும் சாப்பிட்டு முடித்ததில்லை. அந்த மேஜையின் கலகலப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு நிறைகிறது.

எனக்கு அந்த மேஜை சாப்பாட்டுக்காக மட்டும் இல்லை. கிடங்கு சூப்பர்வைசர் என் தம்பி. கூடப் பிறந்தவன். இந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். அம்மா போனதிலிருந்து அவன் என் வீட்டு வாசலை மிதித்ததில்லை, நான் அவன் வீட்டை மிதித்ததில்லை. அம்மாவுக்கு முடியாமல் போனபோது நான் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றான் அவன். கடைசியில் அம்மா மூக்கிலும் கையிலும் குழாயோடு, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டாள். "அம்மா வீட்டுல போயிருக்கணும். நீ விடல" என்றான், எல்லார் எதிரிலும். "அவ்வளவு அக்கறை இருந்தா நீ வந்து பாத்திருக்கணும்" என்றேன் நான். இரண்டும் உண்மை. அதனால்தான் இரண்டும் ஆறவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, மேலே போகக்கூடாது என்று மனதுக்குள் சத்தியமே செய்திருந்தேன். ஒரு மணிக்கு மாமியார் தூங்கிவிட்டது. திரை மூடிய பிறகு வெறும் மேஜையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்காருவது? மேலே போனேன். ஆளுக்கொரு இடம் வருடக்கணக்காகப் பழகிப்போன மேஜை. என் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது, அவன் பக்கத்தில். உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி, அடிப்பிடித்த உருளைக்கிழங்கை எடுத்து வாயில் போட்டான். அம்மா சமைத்தாலும் அவனுக்கு அந்த அடிப்பிடித்ததுதான் வேண்டும். மென்றுவிட்டு, "உப்பு கம்மி" என்றான்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அவன் மகள் முதல் மார்க் வாங்கியது, என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, எல்லாம் அந்த மேஜையில்தான் எங்களுக்குள் தெரிந்துகொள்வது. யாரும் யாரையும் தேடிப் போகவில்லையே! மாமியார் துரத்திவிட்டது, வந்து உட்கார்ந்தோம். இரண்டு பேர் வீம்புக்கும் பங்கம் வரவில்லை.

மாற்றும் வேலை ஆறேழு மாதம் நாயாய் உழைக்க வைத்தது. ஒரே முழங்கைக் குழாய் இணைப்புக்கு மாமியாரிடம் நாலு பெயர் இருந்தது. 'மஞ்ச டப்பா சாமான்' என்று ஒரு சரக்கு. அது என்னவென்று கடைசிவரை தெரியவில்லை. சரிபார்ப்பதற்காகப் பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டிய மாதத்தில் ஒவ்வொரு பில்லையும் இரண்டு முறை போட்டோம். இரண்டு பெண்டாட்டிக்காரன் பாடு என்ன பாடு என்று அப்போதுதான் புரிந்தது. மருமகளைக் கொண்டுவந்த கம்பெனி ஒரு கன்சல்டன்ட் பெண்ணை அனுப்பியிருந்தது. பொறுமைசாலி. என் சிடுசிடுப்புக்கெல்லாம் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள்.

ஒரு நாள் அவள் கேட்டாள். "மேடம், இந்த ஒரு மணி நிறுத்தம் எதுக்கு?"

"நகல் எடுக்க."

"புதுசுல அது தானா நடக்கும். நிறுத்தவே வேண்டாம். ஆனா உங்களுக்கு வேணும்னா அந்த நேரத்துக்குப் பூட்டு போட்டுத் தரேன். முதலாளி உங்க முடிவுன்னுட்டார்."

எனக்குப் பகீரென்றது. பூட்டு இல்லாவிட்டால் கிடங்கு நிற்காது. கிடங்கு நிற்காவிட்டால் ஆட்கள் முறை வைத்துத்தான் சாப்பிடுவார்கள். அவன் எப்போது, எங்கே சாப்பிடுகிறானோ எனக்குத் தெரியப்போவதில்லை. என்னை மதித்து அவன் தேடி வரமாட்டான். அவனைத் தேடி நான் போகமாட்டேன். மாமியாரோடு சேர்த்து என் தம்பியையும் வழியனுப்பிவிடுவேன் என்று நன்றாகத் தெரிந்தது. "பூட்டு இருக்கட்டும்" என்றேன். "எதுக்கும் மத்த பிரிவுகளையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம் மேடம்" என்றாள் அவள்.

கூட்டத்தில் எல்லாப் பிரிவும் உட்கார்ந்திருந்தது. நான் பட்டியலில் அந்த வரியைப் படித்ததும் தம்பிதான் முதலில் வாய் திறந்தான்.

"அந்தப் பூட்டு வேண்டவே வேண்டாம்."

"ஏன்? இத்தனை வருஷம் இருந்துதே?" என்றேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

"லாரிக்காரன் வெயில்ல நிக்கறான். கிடங்குப் பசங்க அந்த முக்கால் மணியைச் சாயந்திரம் கூடுதலா நின்னு கழிக்கறாங்க. எதுக்கு?"

நியாயமான பேச்சு. ஒருவரும் மறுக்கவில்லை. எனக்கு மட்டும் முகத்தில் அறைந்தது போல இருந்தது. சரி, போகட்டும், இவனுக்கே வேண்டாத ஒட்டுறவு எனக்கு மட்டும் எதற்கு என்று ரோஷம் வந்தது. "பூட்டு வேண்டாம்" என்று எழுதிக் கீழே கையெழுத்தைப் போட்டு, பேனாவை மூடியும் வைத்துவிட்டேன். அன்று மதியம் அவன் என் டப்பாவில் கையை விட்டபோது டப்பாவை நகர்த்தி வைக்கத் தோன்றியது. நகர்த்தவில்லை. இன்னும் கொஞ்ச நாள்தானே!

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமியாரை அணைத்தேன். அணைப்பதற்கு முன் 'நிச்சயமா?' என்று வழக்கம்போல இரண்டு தடவை கேட்டது. எத்தனையோ நாள் வைதிருக்கிறேன் அதை. பச்சை எழுத்து போனதும் என் கண் நிறைந்துவிட்டது. கன்சல்டன்ட் பெண் நாசூக்காகத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை மருமகள் பொறுப்பேற்றது. சொல்லக்கூடாது, கெட்டிக்காரிதான். காலையில் இரண்டு இடத்தில் முரண்டு பிடித்ததோடு சரி. ஒரு மணி ஆனது. பில் போடுகிறவர்கள் எல்லாரும் பழக்க தோஷத்தில் விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். திரை மூடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தார்கள்.

நான் மேலே போனேன். நீள மேஜையின் அந்தக் கோடியில் இரண்டு பேர் போனைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் இடத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தால், அடிப்பிடித்த கிழங்கு ஓரமாகத் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறது. காலையில் நான்தான் வைத்திருக்கிறேன். புத்தி கெட்டவளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். மூடியை எடுத்து டப்பாவை மூடப் போனேன்.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. சட்டை முதுகோடு ஒட்டிப்போய், இடுப்பில் மருமகளோடு வந்த புது ஸ்கேனர் தொங்க, தம்பி உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. படி ஓடி ஏறியிருக்கிறான். கையை நீட்டிக் கிழங்கை எடுத்தான்.

"உப்பு கம்மி."

"கீழ லாரி நிக்குமேடா?"

"நாலு நிக்குது."

"அப்புறம் இங்க என்ன பண்றே?"

"சாப்பிடறேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "நீதானே பூட்டு வேண்டாம்னு சொன்னே?"

"ஆமா, பசங்க நேரத்துக்கு வீட்டுக்குப் போகணும். சொன்னேன்." இன்னொரு துண்டை எடுத்தான், வாயில் போடவில்லை. "எத்தனை வருஷம்க்கா... மாமியார் மூடிடுச்சு, போக்கிடம் இல்லாம வந்து உக்காந்திருக்கான்னுதானே என்னை நினைச்சே?"

நான் டப்பா மூடியைத் திருப்பித் திருப்பி வைத்தேன்.

"நானும் உன்னை அப்படித்தான் நினைச்சேன்" என்றான். "இன்னைக்குத் திரை திறந்துதானே இருக்கு?"

இடுப்பில் ஸ்கேனர் கீச்சிட்டது. கீழே ஒரு லாரி ஹாரன் அடித்தது, அதைப் பார்த்து இன்னொன்று. அவன் ஸ்கேனரை அவிழ்த்து மேஜையில் குப்புற வைத்துவிட்டு, டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.