நாப்பத்திரண்டு படி

கொளஞ்சியப்பனுக்கு உட்காரவும் வராது, நிற்கவும் வராது. இருபத்தாறு வருசம் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிய கால்கள் அவை. லாரி வந்தால் ஓடணும், இறக்கணும், அடுத்த மூட்டைக்கு ஓடணும். அப்படிப்பட்ட மனுசனைப் பிடித்து "ஐயா, மெதுவா" என்று சொன்னால் எரிச்சல் வருமா, வராதா?

சொன்னது பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற ரம்யா. எப்போதோ வந்து மருந்தில் அடங்கிய டிபி, போகும்போது நுரையீரலில் தழும்பை விட்டுவிட்டுப் போயிருந்தது. அதன் மேல் வருசக்கணக்கில் உமித்தூசி வேறு. மூச்சுக்குழாய் அங்கங்கே விரிந்து சளி தேங்கி நிற்கிறது என்று டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். "இது மாத்திரையில போயிடற வியாதி இல்லைங்க. கூடவே வச்சிக்கினு வாழணும். எப்படின்னு அந்தப் பொண்ணு சொல்லும்" என்று ரம்யாவிடம் அனுப்பி வைத்தார்.

ரம்யா கேட்ட முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது. "உங்களுக்கு இன்னா செய்யணும்னு ஆசைங்கய்யா?"

ஐம்பத்தெட்டு வயதில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "படி ஏறணும்" என்றார்.

"எத்தினி படி?"

"நாப்பத்திரண்டு."

அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த மனைவி சாலம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஏதோ கோயில் வேண்டுதல் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

கோயிலும் இல்லை, குளமும் இல்லை. கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மேட்டின் மேல் அக்கா கமலாவின் வீடு. அதற்குப் போகிற கல்படிதான் நாற்பத்திரண்டு. தாயில்லாப் பிள்ளையான இவரை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்கா அவள். இவர் மகள் மலர்விழியைத் தன் பையன் அஜித்துக்குக் கேட்டாள். பெண் படிக்கட்டும் என்று இவர் மறுத்தார். ஒன்பது வருசத்துக்கு முன்னால் இவர் குடியிருக்கிற இதே கருணாபுரத்து வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள் கமலா. "இனிமே உன் சாவுக்குத்தான்டா இந்த வாசப்படி மிதிப்பேன்!"

அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் வரமாட்டாள், இவர்தான் போகணும். மூச்சு இருந்தவரைக்கும் வீம்பும் இருந்தது. வீம்பு போனபோது பார்த்தால் மூச்சையும் காணோம்.

அஜித்துக்கு அந்தக் கோபமெல்லாம் இல்லை. அவனுக்கும் கல்யாணமாகி, மினி லாரியில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு சின்னசேலம் பக்கம் வந்து போகிறான். அம்மாவுக்குத் தெரியாமல் வாரத்துக்கு ஒரு போன் போடுவான்.

ரம்யா சொன்ன வைத்தியம் இருக்கிறதே, அதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. காலையில் கட்டிலின் கால்மாட்டுக்கு இரண்டிரண்டு செங்கல் கொடுத்துத் சளி வடிய, தலை தாழ ஒருக்களித்துப் படுக்கணும். சாலம்மாள் உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டணும். மூச்சை மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, அடுப்பு ஊதுகிற மாதிரி மெல்ல வெளியே விடணும். இழுப்பதில் அவருக்குக் கஷ்டமில்லை. விடுவதற்குத்தான் பொறுமை கிடையாது. ஒன்பது மணிக்குத் தெருவில் நடக்கணும். "மூச்சு வாங்கினதுக்கப்புறம் நிக்காதீங்கய்யா. வாங்கறதுக்கு முந்தியே நின்னுடுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கணக்குக்காக, கரண்ட் கம்பம் ஒவ்வொன்றிலும் நின்றுதான் போகணும்.

"இன்னா கொளஞ்சி, நாய் மாதிரி கம்பத்துக்குக் கம்பம் நிக்கற?" என்றான் கூட மூட்டை தூக்கின பகலவன். அவமானத்தில் அன்றைக்கு இரண்டு கம்பத்தை நிற்காமல் தாண்டினார். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு திணறினார். சாலம்மாள் பிடித்த பிடியில் மறுநாள் எல்லாக் கம்பத்திலும் நின்றார். ஆஸ்பத்திரியில் மரப்பலகைப் படி வைத்து ஏற்றி இறக்குவார்கள். நாலு மாசத்தில் இருபத்தைந்து வரைக்கும் வந்துவிட்டார். இன்னும் பதினேழு. அதுவரைக்கும் இந்த நுரையீரல் தாங்குமா என்ற கவலை ராவும் பகலும் அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

அந்தப் புதன்கிழமை காலை ஆறரை மணி. கட்டிலில் தலை தாழக் கிடந்தார். சாலம்மாள் தொப்பு தொப்பென்று தட்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அஜித்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கை ஓயாமல் பேசினாள்.

"மாமாவா? இன்னாத்த சொல்றது அஜித்து, இழுத்துக்கினே கெடக்கறாரு. வுட மாட்டேன்றாரு. தலைய கீழ போட்டாச்சி. இன்னும் கொஞ்ச நேரத்துல எல்லாம் வெளிய வந்துடும்... அலோ? அலோ?"

மலையில் சிக்னல் போய்விட்டது. "வந்தா இங்கதான வருவான்" என்று போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தாள்.

ஒன்பது மணிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கொளஞ்சியப்பன் நடக்கக் கிளம்பினார். ஐந்தாவது கம்பத்தில், முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து ஊதிக்கொண்டு நின்றபோது தெருமுனையில் ஒரு மினி லாரி வந்து நின்றது. கூடவே ஒப்பாரி.

"என் கூடப் பொறந்தவனே! என் இடுப்புல வளந்தவனே! என்னக் கடைசியா ஒரு வார்த்த கேக்காம போயிட்டியேடா!"

அந்தத் தெரு இரண்டாயிரத்து இருபத்து நாலில் கள்ளச்சாராயச் சாவுகளால் போதும் போதும் என்கிற அளவுக்கு ஒப்பாரி கேட்ட தெரு. சத்தம் கேட்டதும் கதவெல்லாம் திறந்தது. தலைவிரி கோலமாக, மாரில் அடித்துக்கொண்டு கமலா வந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே கையில் ரோஜா மாலையோடு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அஜித்.

அக்கா! நரைத்துப் போயிருந்தாள். ஆனால் அதே வேக நடை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்தாள். குனிந்திருந்தவரை ஒரு தரம் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே கடந்து போனாள். தூக்கி வளர்த்தவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு இளைத்திருந்தார்.

கூப்பிட வாயைத் திறந்தார். பாதி ஊதின மூச்சில் சத்தம் எங்கிருந்து வரும்? காற்றுதான் வந்தது.

ஓடணும் என்று கால் பறந்தது. ஓடினார். நாலாவது கம்பத்தைத் தாண்டியதும் மார்பு இறுக்கிப் பிடித்தது, கண் இருட்டியது. இன்னும் பத்தடி ஓடினால் அக்கா கொண்டு வந்த மாலை வீணாகாது. அய்யோ கடவுளே! தன் சாவுக்குத் தன் அக்கா அழுதுகொண்டு போகிறாள், இவர் மூன்றாவது கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இழுத்தார். உதட்டைக் குவித்து ஊதினார். மறுபடி இழுத்தார், ஊதினார். யாரும் அதட்டாமல் அவர் தானாக நின்றது அன்றைக்குத்தான். பிறகு இரண்டு அடிக்கு இழுத்து, நாலு அடிக்கு ஊதி நடந்தார். இரண்டாவது கம்பத்திலும் நின்றார். முதல் கம்பத்திலும் நின்றார்.

அதற்குள் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. வாசப்படி மிதிக்கத் தூக்கிய காலோடு கமலா உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கல் மேல் கட்டில் காலியாகக் கிடந்தது.

"எங்கடி அவன்? அதுக்குள்ள தூக்கிட்டீங்களா?"

தோசைக் கரண்டியோடு வந்த சாலம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வாக்கிங் போயிருக்காரு அண்ணி" என்றாள்.

"வாக்கிங்கா?"

"நீதான அத்த சொன்ன?" என்று அலறினான் அஜித். "இழுத்துக்கினு கெடக்கறாரு, உசிரு வுட மாட்டேன்றாரு, கட்டில்லருந்து கீழ போட்டாச்சின்னு! நீ மாருல அடிச்சிக்கற சத்தம் கூட கேட்டுதே!"

"அட கம்னாட்டி! மூச்ச இழுக்கறாருன்னு சொன்னேன்டா! முதுகுல தட்னது அது!"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, "அக்...கா" என்று ஒரு குரல் வந்தது.

கமலா திரும்பினாள். தலைத்துண்டு, ஒட்டிய கன்னம், ஊதுகிற உதடு. கிட்டே வந்து அவர் முகவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

"பாவி, கம்பத்தாண்ட நின்னது நீயா? எவனோ சீக்காளின்னு நெனச்சிக்கினு வந்துட்டேனே! நான் வளத்த புள்ள எனக்கே தெரியாம போச்சே!" என்று அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அவர் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. இந்தத் தரம் அழுத அழுகைக்கு ராகம் கிடையாது. அஜித் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"உள்ள வாங்க அண்ணி" என்றாள் சாலம்மாள்.

கமலா வாசப்படியைப் பார்த்தாள். சட்டென்று இரண்டடி பின்னால் போனாள். "மாட்டேன். இவன் சாவுக்குத்தான் மிதிப்பேன்னு சொல்லித் தொலைச்சிட்டேன். நான் மிதிக்காத வரைக்கும் இவனுக்கு ஒண்ணும் ஆவாது. டீய இங்கயே குடு."

தெருவிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கொளஞ்சியப்பன் பக்கத்தில் நின்றார்.

"நான்... வரேன்க்கா" என்றார். ஊதிவிட்டு, "நாப்பத்திரண்டு படி. இருபத்தஞ்சி... வரைக்கும் வந்துட்டேன்" என்று முடித்தார்.

"அட, அந்தப் படியா!" என்றாள் சாலம்மாள்.

கமலாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முந்தானையால் மூக்கைச் சிந்தித் துடைத்தாள். "இருபத்தஞ்சாவது படியில நாற்காலி போட்டு வைக்கிறேன். உக்காந்து ஏறு."

"நாற்காலி எதுக்குக்கா? நின்னு நின்னு வரேன்."

"போடுவேன்டா. மழை பேஞ்சாலும் சரி, வெயில் அடிச்சாலும் சரி, நீ வந்து உக்கார்ற வரைக்கும் அத எடுக்க மாட்டேன்!"

அவள் சொன்னால் சொன்னதுதான்.