வாகனம் போகாத பாதை

ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டு கலைந்து பெண்கள் தேயிலைக் கொழுந்து மலைக்கு ஏறிய பிறகு, அழகுமுத்து அந்த இரும்புக் கேட்டைப் பழந்துணியால் துடைக்கத் தொடங்குவார். துடைக்கும்படி யாரும் சொன்னதில்லை. ஓயாத மழையிலும் பனியிலும் அது எவ்வளவு நேரத்துக்குப் பளபளக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் துடைப்பார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி வெட்டியே முதுகு போன மனுஷனுக்குத் தோட்டம் கொடுத்த புது வேலை இது. உட்கார ஒரு நாற்காலி, தலைக்கு ஒரு தொப்பி, காவல் காக்க ஒரு கேட். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் அவரைக் 'கேட்டுத் தொரை' என்று கூப்பிட்டுக் கேலி செய்யும். முறைப்பது போல முறைப்பார். உள்ளுக்குள் அந்தப் பட்டம் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்துக்குக் கேட் வந்தது சைக்கிளால். தென்கரையில் கடலோர ஹோட்டலில் ஏறி மிதித்தால், றப்பர் காடு, வயல், மலை என்று தார் ரோடே படாமல் தேயிலை மலை உச்சிவரை வரலாம் என்று ஒரு சுற்றுலாக் கம்பெனி பாதை போட்டிருந்தது. பருத்த டயர் போட்ட சைக்கிள்களில் வெளிநாட்டுக்காரர்கள் கிரவல் ரோட்டிலேயே வருவார்கள். வாகனமே போகாத பாதை என்பதுதான் அந்தக் கம்பெனி விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்ட பெருமை. அந்தப் பெருமைக்காக, காலையிலிருந்து மத்தியானம் வரை ஆட்டோவோ வேனோ அந்த வழியாகப் போகக் கூடாது என்று தோட்டத்து மேனேஜர் துரை உத்தரவு போட்டார். கேட்டின் ஓரத்தில் சைக்கிள் நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு சந்து விட்டார்கள்.

லயத்திலிருந்து ஆசுபத்திரிக்குப் போகக் கிட்டத்து வழியும் அதுதான். இன்னொரு வழி தேயிலை ஃபெக்டரியைச் சுற்றிக்கொண்டு போகும். பள்ளமும் பாறையுமாக, ஆட்டோவில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. இதைக் கோயில் முன்னால் கூடிய கூட்டத்தில் யாராவது எழுந்து சொன்னார்களா? சொல்லவில்லை. தோட்டத்துக்கு நல்ல பேர் வரும் என்று துரை சொன்னார். தொழிற்சங்கத் தலைவர் கை தட்டினார். அவர் தட்டியதைப் பார்த்து எல்லாரும் தட்டினார்கள். நமக்குக் கை தட்டச் சொல்லிக் கொடுக்க ஆள் தேவையில்லை.

அன்றைக்கு வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்திருந்தது. மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் மேல் குளவி கலைந்து விழுந்தது. சவுக்கு மரத்தில் கட்டியிருந்த கூட்டைப் பருந்து தட்டிவிட்டது என்றார்கள். எல்லாரும் சிதறி ஓடினார்கள். வயதான வீரம்மா மட்டும் தண்ணீர் வடியும் கான் ஓரத்தில் தடுக்கி விழுந்துவிட்டாள். ஓடித் தப்பியிருந்த மீனம்மா திரும்பிப் போனாள். இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்து வீரம்மாவைப் போர்த்தி, மேலே தானே கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். குளவிக் கூட்டம் முழுக்க மீனம்மாவின் தலையிலும் கழுத்திலும் இறங்கியது.

வீரம்மா பிழைத்தாள். மீனம்மாவின் முகம் வீங்கிக் கண் மூடிவிட்டது, மூச்சு இழுத்தது. சுண்ணாம்பு தடவினார்கள், அது எதற்கு ஆகும்? லயத்துக் கடைக்கு அரிசி இறக்க விடியற்காலையிலேயே வந்திருந்த அப்ராஸின் ஆட்டோவில் அவளைத் தூக்கிப் போட்டார்கள். அழகுமுத்துவின் மனைவி ராசம்மா அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். ஆட்டோ பறந்து வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது.

"அண்ணே, தொறங்க! குளவி கொத்தியிருக்கு" என்று கத்தினான் அப்ராஸ்.

அழகுமுத்து எட்டிப் பார்த்தார். பக்கத்துக் காம்பராக்காரி, ஒரே சுவருக்கு அந்தப்புறம் குடியிருப்பவள். அவர் மகள் கல்யாணத்தில் சோறு பரிமாறியவள். அவர் கை சட்டைப் பைக்குள் போய்ச் சாவியைத் தொட்டது. அங்கேயே நின்றுவிட்டது.

"செத்த இரு தம்பி. தொரைக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

"சாவி உங்கட கையிலதானே இருக்கு!"

"இருக்குடா. தொரையோட ஓடர் இல்லையே. போன மாசம் ஒரு ஆட்டோவ விட்டதுக்கு என்னா ஏச்சு வாங்கினேன்னு தெரியுமா? காம்பராவக் காலி பண்ணிட்டுப் போன்னுட்டாங்க."

அப்படிக் கேட் தாண்டிய அந்த ஆட்டோக்காரனை அதற்குப் பிறகு தோட்டத்துக்குள்ளேயே விடவில்லை என்பது அப்ராஸுக்கும் தெரியும். அவன் எஞ்சினை நிறுத்தினான்.

சிக்னல் கிடைக்க மேட்டுப் பாறையில் ஏற வேண்டும். அழகுமுத்து முதுகைப் பிடித்துக்கொண்டு ஏறினார். துரையின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பங்களாவில் சைக்கிள்காரர்களுக்குத் தேத்தண்ணி விருந்து நடந்துகொண்டிருந்தது. அடுத்துக் கணக்கப்பிள்ளைக்கு எடுத்தார்.

"நான் எப்படிங்க தொறக்கச் சொல்றது? தொரைக்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன், நில்லுங்க" என்றார் கணக்கப்பிள்ளை.

அழகுமுத்து நின்றார். மலையிலிருந்து ஓடிவந்த பெண்களும், லயத்திலிருந்து வந்த ஆம்பிளைகளும் ஆட்டோவைச் சுற்றி நின்றார்கள். "ஐயோ மீனம்மா" என்று அழுதார்கள், விசிறினார்கள், மாரியாத்தாளைக் கூப்பிட்டார்கள். பாறையை நோக்கி, "என்னாண்ணே, தொரை எடுத்துட்டாரா?" என்று கேட்டார்கள். 'பூட்டை உடை' என்று ஒரு குரல் வரவில்லை. உடைக்கத் தெரியாதவர்களா? பாறையை உடைத்து ரோடு போட்ட கைகள் அவை. சுற்று ரோட்டிலாவது போகலாம் என்று ஒருவர் முணுமுணுத்தார். இதோ ஓடர் வந்துவிடும், அவ்வளவு தூரம் எதற்கு என்று இன்னொருவர் தடுத்தார்.

ஆட்டோவுக்குள்ளிருந்து மீனம்மா ஏதோ முனகினாள். ராசம்மா குனிந்து காது கொடுத்தாள்.

"தொரை சரின்னுட்டாராக்கா?"

சாகக் கிடந்த மனுஷியும் அதையேதான் கேட்டாள். பயத்தில் பழகிப்போன ஒரு சனத்துக்கு, மூச்சு விடவும் அனுமதி வேண்டியிருக்கிறது.

அப்போது பங்களாப் பக்கமிருந்து சைக்கிள்கள் வந்தன. முன்னால் வழிகாட்டி நிரோஷன், நோட்டன் பிரிட்ஜ் ஊர்ப் பையன். சைக்கிள்காரர்கள் ஓரத்துச் சந்தில் ஒவ்வொருவராக நுழைந்து இந்தப் பக்கம் வந்தார்கள். ஒரு நடுத்தர வயது வெள்ளைக்காரப் பெண் ஆட்டோவைப் பார்த்துவிட்டுச் சைக்கிளைக் கீழே போட்டாள். நிரோஷனிடம் படபடவென்று ஏதோ கேட்டாள்.

"ஏன் இவங்களப் போகவிடாம வச்சிருக்கீங்கன்னு கேக்குறாங்கண்ணே" என்று பாறையில் நின்ற அழகுமுத்துவிடம் கேட்டான் நிரோஷன்.

"அவங்க வர்றதுக்காகத்தான் ரோட்டப் பூட்டியிருக்குன்னு சொல்லுங்க தம்பி."

நிரோஷன் சொன்னான். அவள் திரும்பக் கத்தியதை மொழிபெயர்க்க அவனுக்குப் பொறுமை இல்லை.

"நாங்க எப்ப பூட்டச் சொன்னோம்னு கேக்குறாங்க. மொதல்ல தொறங்கண்ணே! நான் சொல்றேன், தொறங்க!"

அழகுமுத்து உடனே பாறையிலிருந்து இறங்கி ஓடிவந்து திறந்தார். நிரோஷன் துரையில்லை, கணக்கப்பிள்ளைகூட இல்லை. ஆனால் காலில் சப்பாத்துப் போட்டிருந்தான், சத்தமாகச் சொன்னான். அவருக்கு அது போதுமாயிருந்தது.

ஆட்டோ ஆசுபத்திரி வாசலுக்குப் போனபோது மீனம்மா ராசம்மாவின் மடியிலேயே அடங்கிவிட்டிருந்தாள். கொஞ்சம் முந்தி ஒரு ஊசி போட்டிருந்தால் தப்பியிருக்கலாம் என்றார் டொக்டர்.

மறுநாள் காலை சவப்பெட்டி வேனில் வந்தது. ஊரே நடந்து பின்னால் வந்தது. கேட் அகலத் திறந்து கிடந்தது. துரை தானே போன் பண்ணித் திறக்கச் சொல்லியிருந்தார். உயிரோடு போனவளுக்கு நேரத்தோடு திறக்காத கேட், பிணமாக வந்தவளுக்கு விடியுமுன்னே திறந்திருந்தது.

துரை மலர்வளையத்தோடு கேட்டடியில் நின்றார். வேன் நின்றதும், எல்லாருக்கும் கேட்கும்படி அழகுமுத்துவிடம் பேசினார்.

"ஆபத்துன்னா தொறந்திருக்கலாந்தானே? அதையும் நான் வந்து சொல்லணுமா? நான் தொறக்காதன்னு சொன்னேனா?"

அழகுமுத்து தொப்பியைக் கழற்றினார். "நேத்து நீங்க தொறக்காதன்னு சொல்லலீங்க, தொரை. தொறன்னும் சொல்லல. அதான் நின்னேன். எங்க மீனம்மா கண்ணு முன்னுக்கு மூச்சுக்குத் தவிச்சிக்கிட்டு இருந்திச்சு. நான் போனக் காதுல வச்சிக்கிட்டுக் கல்லு மேல நின்னேன். நாந்தான் கொன்னேன்." சாவியை எடுத்துத் துரையிடம் நீட்டினார். "இந்த வேலை எனக்கு வேணாங்க."

வேனிலிருந்து மீனம்மாவின் மகள் லோஜினி இறங்கினாள். ஹட்டனில் துணிக்கடையில் வேலை செய்கிறவள், இரவெல்லாம் அழுததில் கண் சிவந்திருந்தது. துரையின் கை நீள்வதற்குள் அவள் அழகுமுத்துவின் கையைச் சாவியோடு சேர்த்துப் பிடித்தாள்.

"குடுக்காதீங்க மாமா. குடுத்தா நாளைக்கு இன்னொருத்தர் கைக்குப் போகும். அவரும் ஓடர் வரட்டும்னுதான் நிப்பாரு."

"நான் கொன்னுட்டேனேம்மா..."

"நீங்க மட்டுமில்ல." அவள் துரையைப் பார்த்தாள், தலைவரைப் பார்த்தாள், சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "ஆசுபத்திரிக்குப் போற ரோட்டுலயே பூட்டுப் போடச் சொல்லிட்டு, இன்னைக்கு ஐயா பூவோட வந்து நிக்கிறாரு. பூட்டுறப்பக் கை தட்டினவங்க நிக்கிறாங்க. எங்கம்மாவச் சுத்தி நின்னு அழுதுகிட்டே வேடிக்கை பாத்தவங்களும் நிக்கிறாங்க. எல்லாருந்தான் கொன்னீங்க."

துரை மலர்வளையத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

"அடுத்த தடவ ஒரு உசுரு இந்தக் கேட்டுல வந்து நின்னா, யாருக்கும் போன் எடுக்காதீங்க மாமா. தொறங்க. சாகக் கெடக்குறவங்களுக்கு வழி விட எந்தத் தொரையோட உத்தரவும் வேணாம். அது நம்ம எல்லாருக்கும் மறந்துபோச்சு. அதான் எங்கம்மா செத்துப்போச்சு."