பழைய தாளில் படித்த பதில்

என் பொது அறிவெல்லாம் பட்டாசுக் குழாயிலிருந்து வந்தது. சிரிக்காதீர்கள். விஸ்வநத்தத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், குழாய் உருட்டப் பழைய புத்தகங்களைக் கட்டுக்கட்டாக இறக்குவார்கள். போட்டித் தேர்வுப் புத்தகம் சிக்கினால் படித்துவிட்டுத்தான் கிழிப்பேன். நைல் நதி, புத்தர் பிறந்த ஊர், வைட்டமின் சி எல்லாம் பசைக் கையோடு படித்தவை. "கலெக்டரம்மா, கை ஓடட்டும்" என்று போர்மேன் தங்கச்சாமி நக்கலடிப்பார். போய்யா என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

எனக்கு நாற்காலி ஆசையெல்லாம் இல்லை. என் வீட்டுக்காரர் முனியராஜ் அதே கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவர். போன வருஷம் பக்கத்து அறை வெடித்து நாலு பேர் போனதிலிருந்து அவருக்குக் கை நடுங்குகிறது. நடுங்கும் கையால் மருந்து கலந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "ஒனக்குக் கவர்மெண்டு வேல கெடைச்சா, மறுநாளே இத விட்டுர்றேன் செல்வி" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். வயது வரம்புப்படி எனக்கு இதுதான் கடைசிப் பரீட்சை.

பரீட்சையில், வாணவெடியில் சிவப்பு நிறம் தரும் உலோகம் எது என்று கேட்டிருந்தார்கள். யாரிடம் கேட்கிறீர்கள்! ஸ்டிரான்சியம். சிரித்துக்கொண்டே வட்டத்தைக் கருப்பாக்கினேன். உலகிலேயே மக்கள்தொகை அதிகமுள்ள நாடு? அதற்கும் யோசிக்கவில்லை. எத்தனையோ தடவை என் கையில் உருண்ட பக்கம். சீனா.

ரிசல்ட் வந்தபோது, ஒரே ஒரு கேள்வி குறைந்து கவர்மெண்டு வேலை கைநழுவிப் போயிருந்தது. பக்கத்து வீட்டு பியூலா டீச்சர் என் விடைகளைச் சரிபார்த்துவிட்டு, "இந்தியா சைனாவ முந்தி ரெண்டு மூணு வருசம் ஆச்சேம்மா, எந்தப் புத்தகத்துல படிச்சீக?" என்று கேட்டார். எடைக்குப் போட்ட புத்தகம் என்று எந்த வாயால் சொல்வது? என் மேலேயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் காலை எப்போதும் போல வேலைக்குக் கிளம்பினார்.

"இன்னைக்கு ஒரு நாளாவது போகாதீக" என்றேன்.

"சைனாவையே முந்திட்டோமாம்ல. அம்புட்டு சனத்துல நான் ஒருத்தன் கொறஞ்சா என்ன தெரியப்போகுது?" என்று சிரித்தார்.

சட்டைப் பொத்தானைப் போடப் பார்த்தார். விரல் நடுங்கியது, பொத்தான் நுழையவே இல்லை. நான்தான் போட்டுவிட்டு அனுப்பினேன்.