கான் வெட்டிய தீவு

நாவுலப் பக்கத்து நீர்த்தேக்கத்தின் நடுவே, தண்ணீரில் மூழ்காமல் தப்பிய ஒரு குன்றின் தலைதான் அந்தத் தீவு. கப்பல் உடைந்து காட்டுத் தீவில் ஒதுங்கிய ஒரு குடும்பத்தைப் பற்றிய சிறுவர் படத்தை அங்கே எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி சீன் மட்டும் பாக்கியிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் படகேறி மாத்தளைக்குப் போனார்கள். படத்துக்காகக் கட்டிய குடிசையைக் குரங்குகள் பிய்த்துப்போடாமல் பார்த்துக்கொள்ள இருளாண்டியை மட்டும் விட்டுப்போனார்கள்.

எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை செய்து ஓய்ந்தவர். மனைவி இல்லை. மகன் சதீஸ்குமார் கத்தாரில். எட்டு மாதத்துக்கு முன் போனில் ஒரு வார்த்தை கூடிப்போயிற்று. அதன் பிறகு அவன் அழைக்கவில்லை. இவராக அழைக்கவும் மனம் வரவில்லை.

அதனால்தான் டைரக்டர் நப்லா, "கடைசியில படகுல வந்து குடும்பத்தைக் காப்பாத்துற ஆள் நீங்கதான் ஐயா" என்றதும் அவருக்குள் ஏதோ நிமிர்ந்தது.

"நான் வர்ற இடம் எவ்வளவு நேரம் மிஸ்?"

"ஒரு நிமிஷம்."

"போதும்."

படம் போனில் எங்கும் போகும். மகன் பார்ப்பான். பார்த்தால் அழைப்பான்.

முதல் இரண்டு நாள் குரங்குகளைத் திட்டிப் பொழுது போயிற்று. பிறகு அவையும் தீவின் மறுபக்கத்து மரங்களுக்குப் போய்விட்டன. தண்ணீர் கரையில் தட்டும் சத்தம் மட்டும். மூன்றாம் நாள் மழைத்தண்ணீர் குடிசைக்குள் வந்தது. சுற்றிலும் வடிகாலாக ஒரு கான் வெட்டித் தண்ணீரை வெளியே திருப்பினார். கான் வெட்டியதும் அதன் ஓரத்துக்குக் கல் அடுக்கத் தோன்றியது. கல் அடுக்கியதும் மேலே சாய்ந்த புதர் கண்ணை உறுத்தியது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்தார். கை ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்த அமைதி காதில் விழவில்லை.

ஒன்பதாம் நாள் படகு வந்தது. உதவி டைரக்டர் ஹுஸ்னி இறங்கி, சுற்றிப் பார்த்து, தலையில் கை வைத்தான்.

"ஐயா, காடு எங்க?"

"துப்புரவாக்கிட்டேன் தம்பி. இனிமே பாம்பு அண்டாது."

"பாம்பு அண்டுற தீவு வேணும்னுதானே இவ்வளவு தூரம் வந்தோம். இப்ப பெரிய தொரை பங்களா மாதிரி இருக்கு."

படகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நப்லா சிரிக்கவில்லை. கானோரமாக நடந்தாள். அடுக்கிய கல்லில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

"இது ஒதுங்கினவங்க இடமில்ல ஹுஸ்னி. இருந்துட்டவங்க இடம். முடிவ மாத்துவோம். கதையில பத்து வருஷம் போயிருச்சு. அவங்க இங்கேயே இருந்துட்டாங்க."

இருளாண்டி கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப படகு, மிஸ்?"

"படகு வராது ஐயா." சொன்ன பிறகுதான், அவருடைய அந்த ஒரு நிமிஷமும் போயிற்று என்று அவளுக்கு உறைத்தது. "கடைசியில பேர் போடுறப்ப உங்க பேரும் வரும்."

"அத யாரு பாக்கப்போறா மிஸ்? பேர் வந்தா எந்திரிச்சிருவாங்க."

அன்று பின்னேரம் இருளாண்டி கேமராவுக்குப் பின்னால், தன் நிழல்கூட விழாத இடமாகப் பார்த்து நின்றார். தந்தையாக நடிப்பவர், இவர் வெட்டிய கானில் கால் கழுவினார். பிள்ளைகள் இவர் அடுக்கிய கல்லில் ஓடினார்கள்.

திரும்பும் படகில் அவர் கடைசி ஆளாக ஏறினார். நடுத்தண்ணீருக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்த போனுக்கு சிக்னல் கிடைத்தது. வெளியே எடுத்துப் பார்த்தார். ஒன்பது நாளில் ஒரு அழைப்பும் இல்லை.

சதீஸ்குமாரின் பெயரைத் தேடி அழுத்தினார்.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டேயிருந்தது. தீவு சிறிதாகிக்கொண்டே வந்தது. என்ன பேசுவதென்று அவர் இன்னும் யோசித்திருக்கவில்லை.