உங்கள் அடிமை என்றொரு வணக்கம்

புடாபெஸ்டில் தயாராகும் சொற்பிறப்பு அகராதி ஒருவழியாக 'செ' எழுத்துக்கு வந்து சேர்ந்தபோது, அதைத் தொகுப்பவர்களில் ஒருத்தியான எமோக்கேவுக்கு அறுபது நெருங்கிவிட்டது. மூட்டுவலியும் சேர்ந்துகொண்டது. அவள் மேஜைக்கு வந்த சொல் 'செர்வுஸ்'. நண்பர்கள் சந்திக்கும்போதும் பிரியும்போதும் சொல்லிக்கொள்வது.

லத்தீனில் அதற்கு அடிமை என்று பொருள். 'உங்கள் தாழ்மையுள்ள அடிமை' என்று முழு வாக்கியமாகத்தான் கிளம்பியது. தினமும் வாயில் புழங்கும் சொல் சோப்புக்கட்டி மாதிரி. முதலில் மேலிருக்கும் எழுத்து அழியும், பிறகு ஓரங்கள். தாழ்மை போயிற்று, 'உங்கள்' போயிற்று. மிஞ்சியதை வியன்னாக்காரர்களும் ஹங்கேரியர்களும் எடுத்துக்கொண்டார்கள். வெனிஸில் இதே கதை வேறு சொல்லில் நடந்தது. அங்கே அடிமைக்கு 'ஸ்சாவோ'. அது தேய்ந்து 'ச்சாவோ' ஆனது. அதன் வேரில் இருப்பது ஸ்லாவ் மக்களின் பெயர்; பிடித்து விற்கப்பட்டவர்களில் அத்தனை பேர் அவர்கள். இன்று அதே இனத்தைச் சேர்ந்த ஸ்லோவேனியப் பிள்ளைகள் அதையே சொல்லிக் கையாட்டுகிறார்கள். ஸ்வீடனிலும் வேலைக்காரனைக் குறித்த சொல் வணக்கமாகிவிட்டது.

இதையெல்லாம் எழுதுவது எமோக்கேவுக்குச் சிரமமில்லை. சிரமம் கடைசி வரியில். 'ஒருவரையொருவர் நீ என்று அழைப்பவர்களிடையே மட்டும்' என்று எழுத வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் இன்னொருவர் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது அங்கே விதி. படிக்கப்போகிறவர் சக தொகுப்பாளர் பெர்தலான்.

ஒரு காலத்தில் இருவரும் 'நீ'தான். ஒரு கூட்டத்தில், ஒரு சொல்லுக்கு அவள் கண்டுபிடித்த வேரை அவர் எல்லோர் முன்னாலும் 'அழகான கற்பனை' என்றுவிட்டார். மறுநாள் காலை அவள் அவரை 'நீங்கள்' என்றாள். கொடுத்த 'நீ'யைத் திரும்பப் பிடுங்குவது அந்த ஊரில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். பிடுங்கியவர்தான் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். மற்றவர் கேட்கக்கூடக் கூடாது. அவர் கேட்கவில்லை. வருடங்கள் போயின. நாளை அவருக்கு ஓய்வு; பிறகு மகள் வீட்டோடு இருக்க ஆஸ்திரியாவின் கிராட்ஸுக்குப் போய்விடுவார். அதற்குள் அந்த 'நீ'யைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் அவள் தாள்களை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

பெர்தலான் ஜன்னலோரம் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவர், பாதியில் களைத்து, மூடிய ஒரு பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"செர்வுஸ், பெர்தலான்" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கோவம் எல்லாம் எப்பவோ போச்சு, அம்மணி. நீங்க அன்னிக்குக் கோவிச்சுக்கிட்டது நியாயந்தான். ஆனா இப்ப போய் 'நீ'ன்னு ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்ல. நாக்கு 'நீங்க'ன்னே படிஞ்சு போச்சு."

அவள் எதிர்பார்த்தது இரண்டில் ஒன்று: சிரிப்பு, இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வது. இது இரண்டிலும் சேரவில்லை. முழங்கால் வலித்தது, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சரி, நான் மாத்திக்கிறேன். நீ அப்படியே இரு" என்றாள்.

"ஊர்ல சிரிப்பாங்க. என்னை உங்க வீட்டுச் சின்னப்பையன்னு நெனச்சுக்குவாங்க."

"சிரிக்கட்டும்."

அவர் தாள்களை வாங்கினார். வெனிஸ் பகுதி வரைக்கும் படித்துவிட்டுப் பென்சிலைத் தேடினார்.

"இங்க நாலு வரி வெட்டப்போறேன். கோவிச்சுக்குவீங்களா?"

"கோவிப்பேன். நீ வெட்டு."

அன்று சாயங்காலம் வரை ஒருத்தி 'நீ' என்றும் ஒருவர் 'நீங்க' என்றும் சண்டை போட்டு அந்தச் சொல்லை முடித்தார்கள். அவர் கையெழுத்திட்டார்.